முகவரியும் மூலதனமும்: அஞ்சல்வழி விளம்பரம் பற்றியதொரு வரலாற்று நோக்கு

வணிகத்துறை சார்ந்தோரிடையே அண்மைக் காலத்திலே அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, அச்சிட்ட விளம்பரத்தை வீட்டு முகவரிக்கு நேரடியாக அஞ்சலில் அனுப்பும் முறை டிஜிற்றல் யுகத்திலும் பயன் தருகின்றதா என்பதாகும். தருகின்றது என்போரும், அதன் காலம் முடிந்துவிட்டது என்போரும் தத்தம் கட்சிக்குப் புள்ளிவிபரங்களை அடுக்குவர். அப்புள்ளிவிபரங்களிற் கணிசமானவை விளம்பரத்தை விற்று வாழும் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் திரட்டி வெளியிடுபவை என்பது ஒருபுறமிருக்க, வினா அமைக்கப்பட்டுள்ள முறையே எமது கவனத்துக்குரியது. விற்பவனின் இலாபத்தை மாத்திரம் அளவுகோலாகக் கொண்ட அவ்வினா, காகிதத்தையும் கணனித் திரையையும் ஒன்றையொன்று அழிக்கவந்த இரு கருவிகளாக எதிரெதிரே நிறுத்துகின்றது. கருவிகளுக்குப் பின்னாலுள்ள சமூக உறவுகள் அதிலே மறைந்துவிடுகின்றன.

இவ்வுறவுகளைக் கண்டறிவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு பெரிதும் உதவும். அஞ்சல்வழி வணிகம் அந்நாட்டிலேயே தோன்றியதென்று கூறுதல் பொருந்தாது. வேல்ஸ் நாட்டின் நியூற்றவுண் என்னும் சிற்றூரிலே பிறைஸ் பிறைஸ்-ஜோன்ஸ் என்பார் 1860களிலேயே கம்பளித் துணிகளை அஞ்சலின் மூலமும் புகையிரதத்தின் மூலமும் தொலைவிலுள்ளோருக்கு விற்றுவந்தார். ஆயின், அது பெருந்தொழிலாகவும் 'விஞ்ஞான'மாகவும் வளர்ச்சி பெற்றது அமெரிக்காவிலேயே எனலாம்.

கேளாதவர்க்கும் அச்சுத்தாளை அனுப்பும் முறை அந்நாட்டிற் பெருமளவிற் கையாளப்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் ஒன்று வணிகத்தோடு தொடர்புற்றதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1833இல் நிறுவப்பட்ட அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம், 1835ஆம் ஆண்டுக் கோடையிலே, தென் மாநிலங்களின் மதகுருமார், அரசியல்வாதிகள் முதலிய செல்வாக்குள்ளோரின் பெயர்களுக்குப் பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் ஆயிரக்கணக்கில் நியூயோர்க்கிலிருந்து அனுப்பியது. நீராவியால் இயங்கும் அச்சியந்திரம் அச்சுச் செலவைக் குறைத்திருந்தமை இதற்கு வாய்ப்பாயிற்று. முயற்சியை முன்னின்று நடத்திய லூயிஸ் தப்பன் ஒரு வணிகர் என்பதும் கருதத்தக்கதே. 1835 யூலை 29ஆம் திகதி இரவு சாள்ஸ்ரன் நகரத் தபாற்கந்தோரை உடைத்துப் புகுந்த கும்பலொன்று அப்பிரசுரங்களைக் கவர்ந்தது. மறுநாளிரவு பெருந்திரளானோர் முன்னிலையில் அவை எரிக்கப்பட்டன. தபால் மா அதிபராயிருந்த ஏமொஸ் கெண்டல் இச்செயலைக் கண்டிக்கவில்லை. தென்பகுதித் தபாலதிபர்கள் அத்தகைய பிரசுரங்களை விநியோகியாது தடுத்து வைப்பதற்கும் அவர் இடங்கொடுத்தார். சனாதிபதி அன்ட்று ஜக்சன் அவற்றைத் தடைசெய்யுமாறு காங்கிரசைக் கோரினார், சட்டம் நிறைவேறவில்லை. அடிமை உடைமையாளர் வர்க்கத்தைக் கலங்கவைத்த செய்தி தெளிவானது. தம் அனுமதியைப் பெறாது ஒரு கருத்து வீட்டு வாயிலை அடையக்கூடும் என்பதை அவர்கள் வணிகர்களுக்கு முன்னரே உணர்ந்துகொண்டனர்.

வணிகம் இவ்வழியைப் பற்றிக்கொண்டது உள்நாட்டு யுத்தத்தின் பின்னராகும். மத்திய மேற்குப் பகுதியின் கமக்காரர் தம் தானியத்தைப் புகையிரதக் கம்பனிகளும் இடைத்தரகரும் வைத்த விலைக்கு விற்று, தமக்கு வேண்டிய துணி, கருவி, மண்ணெண்ணெய் முதலியவற்றைக் கிராமக் கடைக்காரன் வைத்த விலைக்கு வாங்கினர். 1867இல் தோன்றிய கிறேஞ்ச் என்னும் கமக்காரர் சங்கம் இவ்விருபுறச் சுரண்டலுக்கு எதிராக எழுந்ததாகும். கூட்டாக வாங்குதல் அதன் வேலைத்திட்டத்தில் முக்கிய இடம் பெற்றது. பிரயாண விற்பனையாளராகக் கிராமங்களிற் சுற்றியிருந்த ஏரன் மொன்ற்கொமறி வார்ட் 1872இற் சிக்காகோவிலே தொடங்கிய வணிகம் இவ்வியக்கத்தின் தோளிலேறியே வளர்ந்தது. அவரது முதலாவது பொருட்பட்டியல் ஒரேயொரு தாள். கிறேஞ்ச் இயக்கத்தினருக்குப் பொருள் வழங்கும் நிறுவனம் என்றே அவர் தம் நிறுவனத்தை விளம்பரப்படுத்தினார். விவசாயிகள் கூட்டுறவின் மூலம் அடைய விரும்பிய ஒன்றை - இடைத்தரகனை அகற்றுதலை - தனியார் மூலதனம் தன் இலாபத்துக்குரிய வாக்குறுதியாக மாற்றிக்கொண்டது. கூட்டுறவு முயற்சிகள் பல நிதிப்பலமின்றித் தளர்ந்துபோக, வார்ட்டின் பட்டியல் தடித்துக்கொண்டே சென்றது.

மினசோட்டா மாநிலத்திலே புகையிரத நிலைய அதிபராயிருந்த றிச்சட் சியேர்ஸ் 1886இற் கைக்கடிகாரங்களை விற்கத் தொடங்கியமையும், 1893இற் சியேர்ஸ் றோபக் என்னும் கம்பனி பெயர்பெற்றமையும் பலரும் அறிந்த செய்திகள். (அக்கடிகாரங்கள் மணிக்கட்டில் அணிபவையல்ல, சட்டைப்பையில் வைப்பவை என்பதைச் சொல்லிவைக்கலாம்.) 1895இல் அதன் பொருட்பட்டியல் 532 பக்கங்கள் கொண்டதாயிருந்தது. இவ்வளர்ச்சியை முதலாளிகளின் விவேகத்தாலும் ஊக்கத்தாலும் விளக்குவதே அமெரிக்க வணிக வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். அரசின் அஞ்சற் சேவை இன்றி இவர்களின் விவேகம் எத்தனை மைல் தூரம் சென்றிருக்கும் என்பதை அவர்கள் போதியளவு ஆராய்வதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கக் கிராமத்தவர் தம் கடிதங்களைப் பெறுவதற்குத் தபாற்கந்தோருக்குத் தாமே செல்லவேண்டியிருந்தது. பல ஊர்களிலே கடைக்காரனே தபாலதிபன். அவனது கடையே தபாற்கந்தோர். யாருக்கு எங்கிருந்து என்ன வருகின்றது என்பதை அவன் அறிவான். கிராம வீடுகளுக்கு இலவசமாக அஞ்சலை விநியோகிக்க வேண்டுமென்பது கமக்காரர் இயக்கங்களின் நீண்டகாலக் கோரிக்கையாக இருந்தது. தபால் மா அதிபர் பதவி வகித்த பெருங்கடை உரிமையாளர் ஜோன் வனமேக்கர் அதை ஆதரித்தார். ஜோர்ஜியா மாநிலத்து மக்கள் கட்சிப் பிரதிநிதி தொம் வற்சன் 1893இல் அதற்கான முதல் நிதியொதுக்கீட்டைக் காங்கிரசிற் பெற்றுக்கொடுத்தார். 1896 ஒக்ரோபர் முதலாந் திகதி மேற்கு வேர்ஜினியாவிலே பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இச்சேவை 1902இல் நிரந்தரமாயிற்று. பொதியஞ்சலுக்கு மேலும் ஒரு தசாப்தம் போராட வேண்டியிருந்தது. பொதிகளைக் கொண்டுசெல்லும் தனியார் கம்பனிகள் ஒருபுறமும் கிராம வணிகர் மறுபுறமும் அதனை எதிர்த்து நின்றனர். 1913 சனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. முதலைந்து நாள்களில் மாத்திரம் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பொதிகள் அனுப்பப்பட்டன. மக்கள் இயக்கமொன்று அரசிடமிருந்து வென்றெடுத்த பொதுச் சேவையின் பெரும் பயனைச் சிக்காகோவின் இரு நிறுவனங்கள் அறுவடை செய்தன. மூலதனத்தின் இரண்டாம் பாகத்திலே மார்க்ஸ் சுற்றோட்டக் காலத்தையும் சுற்றோட்டச் செலவையும் ஆராயும் பகுதிகளுக்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. சரக்கு பணமாக மாறும் காலம் குறுகியது. அதைக் குறுக்கிய செலவிற் பெரும்பங்கு பொதுமக்களுடையது.

இதனைக் கூறிவிட்டு, வாங்கியவர் யாவரும் ஏமாற்றப்பட்டவர் என்ற முடிவுக்கு வருதல் கொச்சை மார்க்சியமாகும். தென் மாநிலங்களின் கறுப்பின விவசாயிகளின் நிலையை நோக்குக. அடிமைத்தளை 1865இல் நீங்கிய பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் குத்தகைப் பங்காளராயினர். விளையவிருக்கும் பயிரை ஈடுவைத்துக் கிராமக் கடையிலே கடனுக்குப் பொருள் வாங்கினர். கடைக்காரன் விலையையும் வட்டியையும் மாத்திரமன்றி, அவர்கள் எத்தகைய துணியை உடுக்கலாம், எந்தத் தரமான பொருளை வாங்கலாம் என்பதையும் தீர்மானித்தான். வெள்ளையர் யாவருக்கும் கொடுத்து முடிந்த பின்னரே கறுப்பினத்தவர் பக்கம் திரும்பினான். பொருட்பட்டியலில் ஒரே விலையே இருந்தது. கடிதம் எழுதியவரின் நிறம் சிக்காகோவிலிருந்த எழுதுவினைஞருக்குத் தெரியாது. கிராமத் தபாற்காரர் முத்திரையும் காசுக்கட்டளையும் வீட்டு வாயிலிலேயே விற்றமையால், கடைக்காரனின் கண்ணிற் படாமலே கட்டளை அனுப்ப முடிந்தது. தென்பகுதி வணிகர் இதனைச் சகித்திலர். சில ஊர்களிலே பொருட்பட்டியல் நூல்கள் பகிரங்கமாக எரிக்கப்பட்டன. சியேர்ஸ் கம்பனியின் உரிமையாளர் கறுப்பினத்தவர் என்ற வதந்தியும் பரப்பப்பட்டது. சாள்ஸ்ரன் தீக்கும் இத்தீக்கும் இடையிலே முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

எனினும் இதன் எல்லையையும் காணவேண்டும். பட்டியலிற் பொருள் வாங்கக் கையிற் காசு வேண்டும். கடனில் மூழ்கியிருந்த மிக வறிய பங்காளருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. சிக்காகோவின் மறுமுனையில் நிகழ்ந்ததும் வேறொரு கதை. 1906இல் அங்கு எழுப்பப்பட்ட சியேர்ஸ் கம்பனியின் மாபெரும் கட்டிடத்திலே ஒவ்வொரு கட்டளைக்கும் நேரம் குறிக்கப்பட்டு, பல பகுதிகளிலிருந்து வரும் பொருள்கள் கால்மணி நேர இடைவெளிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. அவ்வேகத்துக்கு ஈடுகொடுத்தவர்களிற் பெருந்தொகையினர் இளம் பெண்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குறைந்த சம்பளம் பற்றி 1913இல் இலினோய் மாநிலச் செனற் சபையின் விசாரணைக் குழு கம்பனித் தலைவர் ஜூலியஸ் றோசன்வால்டை அழைத்து வினவியது. அதே றோசன்வால்டின் கொடையினாலே தென் மாநிலங்களிற் கறுப்பினச் சிறுவருக்கென ஏறத்தாழ ஐயாயிரம் பாடசாலைகள் எழுந்தன. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்தே அம்மனிதரையும் அவர் சார்ந்த வர்க்கத்தையும் மதிப்பிடல் தகும்.

பட்டியல் என்னும் சொல் இதுவரை பொருள்களின் பட்டியலையே குறித்தது. கம்பனிகளின் பெட்டகங்களில் வளர்ந்துகொண்டிருந்த மற்றொரு பட்டியல் பெயர்களுடையது. எந்த ஊரில் யார், எப்பொழுது, எதை, எவ்வளவுக்கு வாங்கினார் என்னும் பதிவு கடைக்காரனின் நினைவிலிருந்து நீங்கி, தொலைநகரத்து அட்டைகளில் ஏறியது. 1890களிலே அயோவா மாநிலத்தில் ஜோசப் டங்கன் உருவாக்கிய முகவரி அச்சிடும் பொறி இவ்வேலையை இயந்திரமயமாக்கியது. விளம்பரத்திலுள்ள வெட்டுச்சீட்டிலே ஒரு குறியீட்டை அச்சிட்டு, எந்தப் பத்திரிகையிலிருந்து எத்தனை பதில் வந்தன என்று எண்ணும் வழக்கமும் பரவியது. ஒரே பொருளுக்கு இரு வேறு கடிதங்களை எழுதி, இரு சம தொகுதியினருக்கு அனுப்பி, மிகுதியாகப் பதில் கொணர்ந்ததைத் தெரிந்தெடுப்பர். குளோட் ஹொப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட நூலுக்கு 'விஞ்ஞான விளம்பரம்' எனப் பெயரிட்டது தற்செயலன்று. 1911இற் பிறட்றிக் ரெயிலர் தொழிலாளியின் அசைவுகளை அளந்து 'விஞ்ஞான முகாமைத்துவம்' எழுதினார். ஹொப்கின்ஸ் நுகர்வோனின் விருப்பங்களை அளந்தார்.

இலக்கிய மாணவர்க்கு இங்கு கவனிக்கத்தக்க பிறிதொன்றுண்டு. அஞ்சல் விளம்பரம் கடித வடிவத்தைக் கைப்பற்றியது. ஒருவர் மற்றொருவர்க்கு எழுதும் அந்தரங்க வடிவமாகிய கடிதம், முதலாளித்துவத்தின் எழுச்சிக் காலத்திலே நாவலின் தோற்றத்துக்குத் துணைநின்றது என்பதை நாமறிவோம். அதே வடிவம் இருபதாம் நூற்றாண்டிலே இலட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் 'அன்பான நண்பரே' என்று எழுதும் கலையாயிற்று. வோல் ஸ்ரீற் ஜேர்ணல் பத்திரிகைக்குச் சந்தாதாரரைச் சேர்ப்பதற்காக மார்ட்டின் கொன்றோய் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் 1975 தொடக்கம் ஏறத்தாழ 28 ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டது. அது ஒரு சிறுகதை. ஒரே கல்லூரியில் ஒரே நாளிற் பட்டம் பெற்ற இரு இளைஞர் இருபத்தைந்து ஆண்டுகளின் பின் ஒன்றுகூடலுக்கு வருகின்றனர். இருவருக்கும் இனிய இல்வாழ்க்கை. இருவருக்கும் மூன்று குழந்தைகள். இருவரும் ஒரே கம்பனியிலே பணிபுரிகின்றனர். ஆயின் ஒருவர் சிறியதொரு பகுதியின் முகாமையாளர். மற்றவர் கம்பனியின் தலைவர். வேறுபாட்டுக்குக் காரணம் ஒருவர் பெற்ற அறிவும் அதை அவர் பயன்படுத்திய விதமும் என்று கதை செல்கிறது. பிறப்பு, சொத்து, வர்க்கம், பால், நிறம் ஆகிய யாவும் கதையிலிருந்து கவனமாக அகற்றப்பட்டுள்ளன. இருவரையும் எல்லாவற்றிலும் சமமாக்கிய பின்னரே ஏற்றத்தாழ்வுக்குச் சந்தா ஒன்றைக் காரணமாகக் காட்ட முடிகிறது. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள கருத்துநிலையை அறிவதற்கு அதன் விருதுபெற்ற நாவல்களைவிட இத்தகைய கடிதம் சிலவேளை அதிகம் உதவும் என்பது எனது கருத்து.

1963இல் அஞ்சற் குறியீட்டெண் நடைமுறைக்கு வந்தபின்னர் இடம் என்பதே வருமானத்தின் அடையாளமாகக் கணிக்கப்படலாயிற்று. கணனி அதனை மேலும் நுணுக்கமாக்கியது. அரசியல்வாதிகளும் வணிகரைப் பின்பற்றினர். 1964ஆம் ஆண்டுத் தேர்தலிற் பரி கோல்ட்வோட்டருக்கு ஐம்பது டொலருக்கு மேல் நன்கொடை அளித்தோரின் பெயர்களை அரசாங்கப் பதிவேட்டிலிருந்து கையாற் பிரதிசெய்வித்த றிச்சட் விகரி, ஏறத்தாழ 12,500 பெயர்களைக் கொண்டு வலதுசாரி இயக்கமொன்றின் நிதித்தளத்தை அமைத்தார். எட்டாண்டுகளின் பின் வியற்நாம் யுத்தத்தை எதிர்த்த ஜோர்ஜ் மக்கவனும் அஞ்சலின் மூலமே சிறுநன்கொடைகளைத் திரட்டினார். 1969இல் ஆர்க்கன்சஸ் மாநிலத்திலே சனநாயகக் கட்சிக்குத் தேர்தற் கடிதங்களை அனுப்புவதற்கென ஒரு சிறு நிறுவனம் தோன்றியது. அதுவே பின்னர் அக்ஸியம் என்னும் பெயருடன் கோடிக்கணக்கானோரின் விபரங்களைச் சேகரித்து விற்கும் நிறுவனமாயிற்று. அக்ஸியம் போன்ற நிறுவனங்களின் விபரங்களைத் தன் விளம்பரதாரர் பயன்படுத்துவதற்கு முகநூல் 2018 வரை வழிசெய்து வைத்திருந்தது. ஆகவே, அஞ்சலையும் இணையத்தையும் பகைவராகக் காட்டும் விவாதம் வம்சாவழியை மறந்ததொரு விவாதமாகும். ஒரு மின்னஞ்சலைத் திறந்தவர் எத்தனை பேர், இணைப்பை அழுத்தியவர் எத்தனை பேர் என்று எண்ணுதல் வெட்டுச்சீட்டிலிருந்த குறியீட்டின் வேலையே. இரு வடிவங்களை இரு தொகுதியினருக்குக் காட்டிப் பார்க்கும் இன்றைய சோதனையும் ஹொப்கின்ஸ் காலத்ததே. சியேர்ஸ் கம்பனி தன் பெரும் பொருட்பட்டியலை 1993இல் நிறுத்தியது. அமேசன் 1994இல் நிறுவப்பட்டது. 2018இற் சியேர்ஸ் வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது. அதே ஆண்டின் பண்டிகைக் காலத்திலே அமேசன், அச்சிட்ட விளையாட்டுப் பொருட்பட்டியல் ஒன்றைத் தெரிந்தெடுத்த வாடிக்கையாளரின் வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பியது.

இனி, தொடக்க வினாவுக்கு வருவோம். காகிதம் இன்னும் பயன் தருகின்றதா? சில வகைகளில், விற்பவனுக்கு, தருகின்றது. மின்னஞ்சலை அனுப்பச் செலவு இல்லையென்றே கூறலாம். ஆதலால் யாவரும் யாவருக்கும் அனுப்பினர். அதனால் அதன் மதிப்பு வீழ்ந்தது. காகிதத்துக்கும் முத்திரைக்கும் செலவுண்டு. செலவிருப்பதனால் அனுப்புவோன் ஆளறிந்து அனுப்புகின்றான். கையிலெடுப்பவரும் கிழிக்குமுன் ஒருகணம் பார்க்கின்றார். காப்புறுதி, கடனட்டை, நன்கொடை திரட்டல் போன்ற துறைகள் இன்றும் அதை நம்புவது இதனாலேயே. யாவருக்கும் ஒரே நூலை அனுப்பும் பழைய முறைக்கு மாத்திரம் இடமில்லாது போயிற்று. ஒரு காலத்தில் ஆண்டுக்கு இருபது கோடிப் பிரதிகளை எட்டிய தன் பொருட்பட்டியலை ஐக்கியா நிறுவனம் 2020இல் கைவிட்டது. அன்றைய பட்டியல் எழுத்தறிந்த எந்தக் கமக்காரனின் வீட்டுக்கும் சென்றது; அவன் யாரென்று அது அறியாதிருந்ததே அவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு. இன்றைய காகிதம் அவனைப் பற்றி யாவும் அறிந்த பின்னரே அவனிடம் வருகின்றது. தென்பகுதிப் பங்காளனுக்கு ஓரளவு விடுதலையளித்த அம்சம், அதாவது வாங்குவோனின் அடையாளமின்மை, இம்முறையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டுவிட்டது.

அஞ்சற் சேவையின் நிலையோ வேறு. பெருந்தொகையாக அனுப்பப்படும் விளம்பரத்துக்கெனக் குறைந்த கட்டணம் 1928இல் ஏற்படுத்தப்பட்டது. 1970 மார்ச்சில் நியூயோர்க்கில் ஆரம்பித்த தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தில் நாடெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். கடிதங்களைப் பிரிப்பதற்கு நிக்சன் இராணுவத்தை அனுப்பினார். ஊழியர் சம்பள உயர்வையும் கூட்டுப் பேரம் பேசும் உரிமையையும் வென்றனர். அதே ஆண்டின் சட்டம் அரசாங்கத் திணைக்களமாயிருந்த அஞ்சலைத் தன் செலவைத் தானே ஈட்டவேண்டிய நிறுவனமாக மாற்றியது. அதன் விளைவை எண்களிற் காணலாம். 2005இல் முதன்முறையாக விளம்பர அஞ்சலின் எண்ணிக்கை முதல்வகுப்புக் கடிதங்களின் எண்ணிக்கையை விஞ்சியது. 2007இல் அது ஏறத்தாழ 10,350 கோடி என்னும் உச்சத்தை அடைந்தது. 2023இல் ஏறத்தாழ 5,900 கோடியாகச் சுருங்கியபோதும், மொத்த அஞ்சலிற் பாதிக்கு மேற்பட்டதாகவே இருந்தது. தபாற்காரர் தோளிற் சுமப்பதிற் பெரும்பகுதி, பெறுபவர் கேளாத காகிதம். அது குறைந்தாலோ அவரது வேலைக்கு ஆபத்து.

இந்த ஆபத்து கற்பனையன்று. டென்மார்க்கிலே 1624இல் தொடங்கிய அரச அஞ்சலின் வழிவந்த நிறுவனம் 2025 டிசெம்பர் 30ஆம் திகதியுடன் கடித விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. நாட்டிலிருந்த ஏறத்தாழ 1,500 செந்நிறத் தபாற்பெட்டிகள் அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டன. கடிதம் அனுப்ப விரும்புவோர் இப்பொழுது தனியார் கம்பனியை நாடவேண்டும். அமெரிக்காவில், 1896இற் கமக்காரர் வென்றெடுத்த மேற்கு வேர்ஜினிய மலைப்பாதைகளிலே தபாற்காரர் இன்றும் செல்கின்றார்; முத்திரையின் விலை நியூயோர்க்குக்கும் அங்கும் ஒன்றே. தள்ளுபடி விற்பனைத் துண்டுகளிலிருந்து கிடைக்கும் வருமானம் அப்பயணத்தின் செலவில் ஒரு பங்கைத் தாங்குகின்றது. அத்துண்டுகள் நின்றுபோனால் மருந்துப் பொதியையும் வாக்குச்சீட்டையும் அம்மலைவீடுகளுக்குக் கொண்டுசெல்லும் செலவை யார் ஏற்பது என்பது பற்றி, பதில் வீதங்களைக் கணக்கிடும் வணிக ஏடுகள் எதுவும் எழுதுவதாகத் தெரியவில்லை.